சைரன் மாமி வாய் திறக்காத நாள்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் அரசியல்வாதியின் திறப்புவிழாவை இடைநடுவில் நிறுத்தக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இதுவரை பிறந்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர் என்று நினைத்தால் உங்களுக்கு எதிர்க்கட்சிகளைத் தெரியாது. கோயில் திருவிழாக்களில் கச்சான், அதுதான் நிலக்கடலை, வறுத்து விற்கிற எங்கள் சைரன் மாமிதான் அந்த ஆள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவானாலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். தாலி கட்டும்போது குரவை, பிள்ளைக்கு முதல் சோறு தீத்தும்போது குரவை, வயல் வட்டையில் அறுவடை தொடங்கும்போது குரவை. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இதில் இல்லை. குரவை கேட்காத ஒரே வீடு சாவு வீடு.

மற்றப் பெண்கள் போடுவது குரவை. மாமி போடுவது வேறு சாமான். ஒருமுறை அவர் கோயில் வாசலில் போட்ட குரவைக்கு, கல்முனை ரோட்டில் போன பஸ் நின்று, சாரதி இறங்கி டயரைப் பார்த்திருக்கிறார். கடற்கரையில் நிற்கிற சுனாமி எச்சரிக்கைக் கோபுரத்தின் சைரனைப் பரிசோதித்த அன்று யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதே நேரம் பக்கத்து வளவில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தி மாமி குரவை போட, செட்டிபாளையம் வரை சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பரிசோதிக்க வந்த அதிகாரிகள் கோபுரம் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் சைரன். மாமிக்கு அந்தப் பெயரில் கோபம் கிடையாது, பெருமைதான்.

எனக்குத்தான் கோபம். நான் பிழைப்புக்கு ஒலிபெருக்கிச் சேவை நடத்துகிறவன். கலியாணம், திருவிழா, திறப்புவிழா எல்லாவற்றுக்கும் ஹோர்ன் கட்டி, மைக்கும் பிடித்து அறிவிப்பும் செய்கிறவன். இந்தப் பத்தி எழுத்து, வேலை இல்லாத நாட்களில் பிடித்துக்கொண்ட வியாதி. ஒரு கலியாணத்தில் ஐயருக்கென்று வைத்த மைக்கின் பக்கத்தில் மாமி நின்றுவிட்டார். கெட்டிமேளம் தொடங்கியது, மாமி வாயைத் திறந்தார், தென்னையில் கட்டியிருந்த என் புது ஹோர்ன் 'டப்' என்றது. பிறகு அதிலிருந்து புகைதான் வந்தது.

"மாமி, என்ட ஹோர்ன எரிச்சிப் போட்டீங்களே!" என்று பந்தியில் வைத்தே சண்டைக்குப் போனேன்.

"எரிஞ்சா போட்டு? நல்ல சகுனம் மனே. இந்தப் புள்ள நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாமி பாயசத்தைக் குடித்தார்.

அன்றிலிருந்து மாமி வருகிற இடத்தில் மைக்கை எட்டத் தள்ளி வைப்பது என் தொழிலின் முதல் சட்டமாகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு மருந்து குடிப்பதைப் போல அவருடைய ஒவ்வொரு குரவையையும் நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன்.

குரவையில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. தலைக்குரவை என்று ஒன்று உண்டு. அதை எடுப்பதற்கு உரிமை உள்ளவர் முதலில் எடுக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் போட வேண்டும். அவர் எடுக்காமல் வேறு பெண்ணின் நாக்கு அசையாது, அசைந்தால் குற்றம். எங்கள் ஊரில் அந்த உரிமை மாமியுடையது. மாமியோ, பொய்க் காரியத்துக்குக் குரவை போடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்த மனுசி.

ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை பகுதியார் தாலி கட்டும் நேரத்தில் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். பெண்ணின் தகப்பன் தலையாட்டிவிட்டார். மேளம் முழங்கியது. மாமி வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். பந்தல் நிறையப் பெண்கள், ஒரு சத்தம் இல்லை. பெண்ணின் தாய் வந்து கெஞ்சினாள்.

"குரவைய எடுங்க மாமி, நேரம் போகுது!"

"ஆருக்குக் கா குரவை? புள்ளைக்கா, மோட்டார் சைக்கிளுக்கா? புள்ளைக்கெண்டா இப்பயே போடுறன். சைக்கிளுக்கெண்டா சைக்கிள் திருத்திற கராச்சில போய் ஆளப் புடிங்க."

மாப்பிள்ளை நல்ல பையன். முகம் கறுத்துப்போய், "எனக்குச் சைக்கிள் ஒண்டும் வேணாம், குரவைய போடச் சொல்லுங்க" என்று தாலியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகு மாமி போட்ட குரவையில் பந்தலுக்குள் நின்ற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அது வாவிக்கரையில்தான் பிடிபட்டது.

இதெல்லாம் ஊருக்குள் நடந்த கூத்து. மாமி அரசியலுக்குள் இறங்கியது மண்ணெண்ணெய் இல்லாமல் நாடே தெருவுக்கு வந்த வருடம். கொழும்பில் சனம் பதாகை பிடித்தது, கோஷம் போட்டது, களவெடுத்தவர்களைப் பேர் சொல்லித் திட்டியது. எங்கள் கரையில் அப்படி ஒன்றும் இல்லை. சத்தம் போட்டவர்களை வரிசையாக இழந்து, வாயைப் பொத்திக்கொண்டு வாழப் பழகிய சனம் நாங்கள். தோணிகளைக் கரையில் கவிழ்த்துவிட்டு எண்ணெய் விற்கிற செட்டில் கேனோடு வரிசையில் நின்றோம். வெயிலில் நின்று நின்று கேனும் நாங்களும் ஒரே நிறமாகிவிட்டோம்.

எங்கள் தொகுதி அரசியல்வாதியை ஊரில் 'ஐயா' என்று மட்டும் சொல்வார்கள். நானும் அதோடு விடுகிறேன். ஐயாவின் காரியங்களை ஊரில் பார்க்க ஒரு இணைப்பாளர். டவுனிலே பிறந்து டவுனிலே வளர்ந்தவர், கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன். அவருடைய ஓட்டோ வரிசையைச் சுற்றிக்கொண்டு செட்டின் பின்பக்கம் போகும். திரும்பி வரும்போது எண்ணெய்க் கேன்களின் பாரத்தில் சில்லு அமுங்கி வரும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் நிலத்தைப் பார்ப்போம்.

மாமி அன்றைக்குக் கச்சான் அடுப்புக்கு எண்ணெய் வாங்க வந்து நின்றார். ஓட்டோ பின்பக்கத்தால் வெளியே வந்த அந்தக் கணம் எழுந்து நின்று ஒரு குரவை போட்டார். வரிசையே துள்ளி விழுந்தது.

"என்ன மாமி, ஆருக்குக் கலியாணம்?" என்றேன்.

"மாப்பிள்ள வாறார், தெரியல்லயா? முன்னால வர வெக்கப்பட்டுப் பின்னால வாறார். சீதனமும் கேன் கேனா வருது. போடுங்க கா குரவைய!"

காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் அக்கா ஒருவர், ராத்தா என்போம், மாமியின் சிநேகிதி. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அவர்தான் முதலில் சேர்ந்தார். பிறகு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். இணைப்பாளர் ஓட்டோவின் திரைச்சீலையை இழுத்து மூடினார். அடுத்த நாளும் ஓட்டோ வந்தது, அடுத்த நாளும் குரவை. செட் முதலாளி பொலிசைக் கூப்பிட்டார். வந்த பொலிஸ்காரர், நல்ல காரியத்துக்குப் போடுகிற குரவைக்கு எந்தச் சட்டத்தில் ஆளைப் பிடிப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் பின்பக்கக் கேற்றுக்குப் பூட்டு விழுந்தது. இணைப்பாளரின் கேனும் வரிசையின் கடைசியில் வந்து நின்றது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எங்கள் ஊர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தது.

இனி துறைக்கு வருகிறேன். எங்கள் கரையில் 'பாதை' என்றால் வீதி இல்லை. சனமும் மோட்டார் சைக்கிளும் ஏறி வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிற மிதவைதான் பாதை. மாமியின் மகன் அந்தப் பாதையை ஓட்டுகிறவன். வருடக்கணக்காக நாட்கூலி. படுவான்கரையில் பெண் எடுத்து, அங்கே அரைகுறை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். நிரந்தர நியமனம் வந்தால் கடன் எடுத்துக் கூரை போடலாம் என்பது அந்த வீட்டின் கனவு. மாமி கச்சான் வறுத்த புகையில் அந்தக் கனவும் சேர்ந்து வெந்துகொண்டிருந்தது.

ஐயா எங்களுக்குப் புதிதாக இறங்குதுறை கட்டிக் கொடுத்தார். தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய கொங்கிறீட் மேடை. கட்டுகிற கொந்தராத்தை எடுத்தவர் ஐயாவின் மச்சான். கட்டி முடிந்து, மகன் முதல் தடவை வெறும் பாதையைக் கொண்டுவந்து அணைத்தான். மெல்லத்தான் முட்டியது. மேடையின் மூலை உடைந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே கம்பி இருந்ததா என்று கேட்காதீர்கள், கம்பியின் நினைவுதான் இருந்தது. அடுத்த நாள் காலை பார்த்தால் மூலை பூசி, நீலமும் வெள்ளையும் அடித்து மினுங்குகிறது. முறைப்பாடு கொடுத்தோம். பார்க்க வந்தவர்கள் வர்ணத்தைப் பார்த்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். திறப்புவிழா முடிந்து அதிகாரிகள் துறையைக் கையேற்றுவிட்டால் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். படுவான்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக இறங்க வேண்டிய இடம் அது.

இணைப்பாளர் எண்ணெய் செட்டை மறக்கவில்லை. ஒரு மத்தியானம் மாமியின் கச்சான் தட்டுக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்று கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, மகன்ட நியமனம் வந்திட்டு. திறப்புவிழா மேடையில ஐயாட கையால குடுக்கிற. ஒரே ஒரு விசயம். அண்டைக்கு உங்கட சத்தம் கேக்கப்படாது."

மாமி கச்சானைக் கிளறிக்கொண்டே இருந்தார். கருகுகிற மணம் வந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"சரி தம்பி. நான் குரவை போட மாட்டன்."

"சத்தியமா?"

"அம்மாளாணச் சத்தியம். வாயே துறக்க மாட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுசிதான் இருந்தாள் இந்தக் கரையில், அவளும் மடங்கிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. கையில் இருந்த கச்சானைத் தட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை. அதற்காகத் திறப்புவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட மாட்டேன் என்று சொன்னேனா? இல்லை. எனக்கும் வயிறு இருக்கிறது.

திறப்புவிழா அன்று துறை முழுக்க வாழைமரம், தோரணம். மாதர் சங்கப் பெண்களுக்கு இணைப்பாளர் ஒரே நிறத்தில் சேலை கொடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தார். "ஐயா ரிப்பன வெட்டினதும் எல்லாரும் குரவை போடணும், விளங்கிற்றா?" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமி முன்வரிசையில் சிவப்புச் சேலையோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராத்தா பக்கத்தில். மகன் பாதையைத் துறைக்குக் கொஞ்சம் எட்ட நிறுத்திவிட்டு அதிலேயே நின்றான். நான் பழக்கதோசத்தில் மைக்கைத் தள்ளி வைத்தேன். பிறகு, இன்றைக்கு எதற்கு என்று ஞாபகம் வந்து எனக்கே கவலையாகிவிட்டது.

ஐயா வந்தார். கையில் பத்து விரலுக்கும் கல் வைத்த மோதிரம். நேரம் பார்க்காமல் குளிக்கக்கூட மாட்டார் என்று பெயர் எடுத்தவர். சாத்திரி குறித்துக் கொடுத்த நேரத்துக்கு ரிப்பனை வெட்டினார். நான் மைக்கில், "தாய்மாரே, குரவை!" என்றேன்.

ஒரு சத்தம் இல்லை.

ஒருவேளை மைக் கேட்கவில்லையோ என்று தட்டிப் பார்த்து, "தாய்மாரே! சகோதரிகளே! குரவை!" என்றேன். வாவியில் கொக்கு ஒன்று தண்ணீரைக் கொத்திய சத்தம் கேட்டது. ஒரே நிறச் சேலைகள் எல்லாம் மாமியைப் பார்த்தபடி நிற்கின்றன. மாமி வாவியைப் பார்த்தபடி நிற்கிறார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடக் கடவுளே! தலைக்குரவை இல்லாமல் எவள் போடுவாள்? டவுன்காரருக்கு இந்த முறை தெரியாது. ஒரு வாயைக் கட்டப் போய் ஊர் வாய் முழுவதையும் கட்டிவிட்டார் மனுசன்!

ஐயாவின் ஒரு கால் துறையின் மேடைப் பக்கம் தூக்கியபடி நிற்கிறது. முகம் வெளிறிவிட்டது. "ஏன் குரவை இல்ல?" என்று இணைப்பாளரைப் பார்த்து உறுமினார்.

இணைப்பாளர் ராத்தாவிடம் ஓடினார். "நீங்களாவது ஒண்டு போடுங்க ராத்தா!"

"தலக்குரவை இல்லாம நான் எப்படி வாப்பா போடுற? எங்கட ஊட்டிலயும் அதானே முற."

அவர் மாமியிடம் வந்தார். நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மைக்கை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். காதுக்குள் சொல்வதாக நினைத்து இணைப்பாளர் சொன்னது, நாலு தென்னையில் கட்டிய நாலு ஹோர்னிலும் முழங்கியது.

"மாமி, உங்கட கால்ல விழுறன், ஒரு குரவை போடுங்க. இல்லாட்டி மகன்ட நியமனம் இப்பயே கிழிச்சு வாவிக்குள்ள போகும்!"

சனம் ஓ என்றது. மாமி மகன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரம் கல்லாக நின்ற முகம் அப்போதுதான் கலங்கியது. அந்தப் பார்வையை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மகன் பாதையிலிருந்து கத்தினான். "அம்மா, போடாதீங்க! எனக்கு அந்த வேல வேணாம். நாளைக்கு இந்தக் கல்லுல புள்ளைகள இறக்கி விடுறது நான்தான். என்னால ஏலா!"

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இணைப்பாளர் என் பக்கம் திரும்பி, "மைக்க நிப்பாட்டடா!" என்று கத்தினார். என் ஹோர்ன்களின் எதிரிக்கு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மைக்கை நானே வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஐயா," என்றார் மாமி. "வாய் துறக்கப்படாதெண்டு சத்தியம் வாங்கினது உங்கட ஆள்தான். இப்ப துறக்கச் சொல்லிக் கால்ல விழுறதும் அவர்தான். அப்ப சத்தியம் தீந்திட்டு. சொல்றன், கேளுங்க. சாவு வீட்டில நாங்க குரவை போடுறல்ல."

"ஆர் செத்த?" என்றார் ஐயா, மோதிரத்தைத் தடவிக்கொண்டு.

"இன்னம் சாகல்ல. ஆர்ட புள்ள எண்டுதான் தெரியா. இது எங்கட துறை ஐயா. எங்கட பேரில வந்த சீமெந்து, எங்கட பேரில வந்த கம்பி. அது எங்க போன எண்டு நான் கேக்கல்ல. உங்களுக்கும் தெரியும், கொக்குக்கும் தெரியும். ஒண்டே ஒண்டு செய்ங்க. நீங்க, உங்கட மச்சான், இந்தத் தம்பி, மூண்டு பேரும் மேடைட அந்தத் தொங்கல் வரைக்கும் நடந்து போய், நிண்டு ஒருக்காத் துள்ளிக் காட்டுங்க. ஒரு வருசத்துக் குரவைய ஒண்டாப் போட்டுத் தாறன்."

ஐயா மச்சானைத் தேடினார். மச்சான் கூட்டத்தில் இல்லை, அவருடைய வாகனம் ஸ்டார்ட் பண்ணும் சத்தம்தான் கேட்டது. ஐயா இணைப்பாளரைப் பார்த்தார். "நீ முதல்ல போ."

இணைப்பாளர் மேடையைப் பார்த்தார். நீலமும் வெள்ளையும் வெயிலில் மினுங்கியது. "ஐயா, எனக்கு... எனக்கு நீச்சல் தெரியா ஐயா" என்றார்.

அதுவும் மைக்கில் போய்விட்டது.

சனம் சிரிக்கத் தொடங்கும் முன்பே, அன்றைக்கு வந்த முதல் உண்மைக்கு மாமி குரவையைத் தொடங்கிவிட்டார். அப்படி ஒரு குரவையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ராத்தா சேர்ந்தார், ஒரே நிறச் சேலைகள் அத்தனையும் சேர்ந்தன. ரோட்டில் நின்றவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், ஆண்கள்கூட வெட்கத்தை விட்டு நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்கள். அக்கரையிலிருந்தும் குரவை கேட்டது. என் நாலு ஹோர்னும் ஒன்றன்பின் ஒன்றாக 'டப் டப்' என்றன. எரியட்டும் என்று நின்றேன். ஐயா தூக்கிய காலைப் பின்னால் வைத்து, அந்தக் குரவையோடேயே வாகனத்தில் ஏறிப் போனார்.

இது கதையாக இருந்தால் ஐயா அடுத்த தேர்தலில் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. மகனுக்கு நியமனமும் வரவில்லை, நாட்கூலியும் போய்விட்டது. இப்போது வாவியில் இறால் பிடிக்கிறான், வீட்டுக்குத் தகரக் கூரைதான். என்னையும் அரசாங்கத் திறப்புவிழா எதற்கும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்தத் துறையைக் கையேற்க எந்த அதிகாரிக்கும் துணிவு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கயிறு கட்டிக் கிடந்து, கடைசியில் உடைத்து, திரும்பக் கட்டினார்கள். கொங்கிறீட் குழைத்த ஒவ்வொரு நாளும் மாமி கச்சான் தட்டோடு பக்கத்திலேயே குந்தியிருந்தார். வேலை செய்தவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்துச் சீமெந்து போட்டார்கள். இப்போது படுவான்கரைப் பிள்ளைகள் அதில் இறங்கி ஓடுகிறார்கள்.

ஒருநாள் கேட்டேன், "மகன்ட வேலைய நினைச்சா கவலையில்லையா மாமி?"

"நெஞ்சு எரியுது மனே, ஏன் பொய் சொல்லணும். ஆனா மத்தப் பக்கம் நடந்து, ஒரு புள்ள விழுந்திருந்தா இந்த நெஞ்சே இருந்திருக்காது" என்றார். பிறகு கடதாசிச் சுருள் நிறையக் கச்சான் போட்டுத் தந்தார். நான் கோபத்தில் போட்டுவிட்டு வந்த அன்றைய கச்சானும் இதில் சேர்த்தி என்றார்.

மாமிக்கு வயது போய்விட்டது. போன மாதம் ஒரு கலியாணத்தில் தலைக்குரவை எடுத்தார். சத்தம் பந்தலின் பாதிக்குக்கூட வரவில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மைக்கத் தள்ளி வச்சிரிக்கயா மனே? மறுகா ஹோர்ன் எரிஞ்சிட்டு எண்டு சண்டைக்கு வராத" என்றார். "எட்டத்தான் மாமி வச்சிரிக்கன்" என்றேன். மைக் எட்டத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து, மாமி வாயைத் திறக்கிற நேரம் பார்த்து, மேசைக்குக் கீழே கையை விட்டு நான் ஒலியைக் கூட்டி விடுகிறேன். இதை வாசிக்கிற எங்களூர்க்காரர் எவராவது அவரிடம் போய்ச் சொன்னீர்களோ, உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு நான் ஹோர்ன் கட்ட வர மாட்டேன்.